தேர்தலை டிவியில் பார்ப்பது எப்படி? அறிவிப்பு முதல் எண்ணிக்கை வரை ஒரு வாக்காளரின் வழிகாட்டி

2024 ஜூன் 4 காலை. திருமங்கலத்தில் எங்கள் தெருமுனை டீக்கடையில் வழக்கத்தைவிட இரண்டு பெஞ்சு கூடுதல். எட்டு மணி தாண்டிச் சில நிமிடங்கள்தான் ஆகியிருக்கும், அதற்குள் டிவி மூலையில் விருதுநகர் தொகுதியின் முன்னிலை நிலவரம் ஓட ஆரம்பித்துவிட்டது. மாஸ்டர் சேனலை மாற்றினார். அங்கே வேறொருவர் முன்னிலை. "இன்னும் பெட்டியையே திறந்திருக்க மாட்டாங்களேப்பா, அதுக்குள்ள யாரு யாரை முந்துறது?" என்றார் பெஞ்சிலிருந்த பெரியவர். யாரும் பதில் சொல்லவில்லை. திரையில் அடுத்த தொகுதி வந்துவிட்டது.

அவர் கேட்டது சரியான கேள்வி. அதற்குப் பதில் தெரிய வேண்டுமென்றால் எண்ணிக்கை நாளன்று மட்டும் விழித்துக்கொண்டால் போதாது, தேர்தல் அறிவிப்பு வந்த நாளிலிருந்தே தொடங்க வேண்டும்.

விருதுநகரையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். என் தொகுதி என்பது ஒரு காரணம். காங்கிரஸில் மாணிக்கம் தாகூர், தேமுதிகவில் மறைந்த விஜயகாந்தின் மகன் விஜயபிரபாகரன், பாஜகவில் ராதிகா என்று வேட்பாளர் பட்டியல் வந்த அன்றே அது 'நட்சத்திரத் தொகுதி' ஆகிவிட்டது இன்னொரு காரணம். எண்ணிக்கைக்கு முந்தைய நாள் விருதுநகர் பராசக்தி மாரியம்மன் கோயிலில் மனைவியின் வெற்றிக்காகச் சரத்குமார் அங்கப்பிரதட்சணம் செய்ததைச் சேனல்கள் மாற்றி மாற்றிக் காட்டின. அதற்குச் சில வாரம் முன்பு, மே 9 அன்று, சிவகாசி பக்கம் செங்கமலப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்துக் குறைந்தது எட்டுப் பேர் இறந்திருந்தார்கள். அதுவும் செய்தியில் வந்தது, விபத்துச் செய்தியாக. தேர்தல் செய்தியோடு அதைச் சேர்த்துப் பேசிய ஒரு நிகழ்ச்சியைக்கூட நான் பார்க்கவில்லை.

பழைய கதை ஒன்று. வாக்குச்சீட்டுக் காலத்தில் எண்ணி முடிக்க நாள் கணக்கில் ஆகும். தூர்தர்ஷன் முடிவுகளைச் சொல்லிக்கொண்டே நடுநடுவே சினிமாப் படம் போடும். எது படம், எது முடிவு என்று அன்றைக்குக் குழப்பமில்லை.

படி 1: டிவியைப் போடுமுன் ஒரு பக்கம் எழுதுங்கள்

தேர்தல் தேதி அறிவித்ததும் ஒரு நோட்டில் உங்கள் தொகுதியின் மூன்று விஷயங்களை எழுதிவையுங்கள். நாட்டுப் பிரச்சினை வேண்டாம், உங்கள் தெருவிலிருந்து பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டு வரக்கூடிய விஷயமாக இருக்கட்டும். நான் எழுதியவை: சிவகாசிப் பட்டாசுத் தொழிலும் ஆலைப் பாதுகாப்பும், தோப்பூர் எய்ம்ஸ், வைகைத் தண்ணீர்.

இந்த ஒரு பக்கம்தான் மற்ற எல்லாப் படிகளுக்கும் ஆதாரம். டிவியில் எதைப் பார்த்தாலும், என் மூன்றில் ஒன்றையாவது இது தொட்டதா என்று கேட்டுக்கொள்ளலாம். கேட்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு எய்ம்ஸே நல்ல உதாரணம்.

தோப்பூரில் அமையவிருந்த மதுரை எய்ம்ஸ் மருத்துவமனைக்குப் பிரதமர் அடிக்கல் நாட்டியது 2019 ஜனவரி 27. இரண்டு வருடம் கழித்து 2021 சட்டமன்றத் தேர்தல் பிரச்சாரத்தில் உதயநிதி ஸ்டாலின் ஒரு செங்கல்லைத் தூக்கிக் காட்டி, "இதுதான் எய்ம்ஸ்" என்கிற மாதிரிப் பேசினார். பிரமாதமான அரசியல் நாடகம் அது, மறுப்பதற்கில்லை. நூறு புள்ளிவிவரம் செய்யாததை ஒரு செங்கல் செய்தது. கடைக்கோடிக் கிராமத்திலும் எய்ம்ஸ் வரவில்லை என்பது பதிந்தது. ஆக, கேளிக்கை எல்லாமே கெட்டது என்று சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அடுத்து நடந்ததைப் பாருங்கள். செங்கல்லைத் திருடிவிட்டார் என்று பாஜக தரப்பில் போலீஸில் புகார் கொடுத்தார்கள். செய்தி செங்கல்லின் பின்னால் போய்விட்டது. கட்டடம் ஏன் எழும்பவில்லை, பணம் எங்கிருந்து வர வேண்டும், ஜப்பானின் ஜைக்கா நிறுவனத்தோடு கடன் ஒப்பந்தமே 2021 மார்ச்சில்தான் கையெழுத்தானது என்பதெல்லாம் உள்பக்கத்தில் சின்னதாக வந்தது. முதல் மாணவர்கள் 2022-ல் ராமநாதபுரம் மருத்துவக் கல்லூரியில் இடம் கேட்டுப் படிக்க வேண்டியிருந்தது. செங்கல் ஞாபகம் இருக்கும் அளவுக்கு ஜைக்கா யாருக்கும் ஞாபகம் இல்லை.

படி 2: அரை மணி நேரம், நான்கு கட்டம்

ஒரு நாள் இரவு எட்டு மணிச் செய்தியை நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்து பாருங்கள். பக்கத்தை நான்காகப் பிரியுங்கள்: யார் ஜெயிப்பார், யாரோடு யார் கூட்டு, யார் யாரைத் திட்டினார், என்ன செய்வார்கள். ஒவ்வொரு தேர்தல் செய்திக்கும் பொருத்தமான கட்டத்தில் ஒரு கோடு. ஒரு வாரம் செய்து பாருங்கள். கடைசிக் கட்டம் எவ்வளவு காலியாக இருக்கிறது என்று பார்த்தால், அதற்குப் பிறகு உங்களுக்கே கண் பழகிவிடும்.

கோடு போடும்போது சொற்களையும் கவனியுங்கள். பரபரப்பு, அதிரடி, திடீர் திருப்பம், இழுபறி, கிளைமாக்ஸ். தொகுதிப் பங்கீட்டுப் பேச்சுவார்த்தை என்றால் ஒரு கட்சி அலுவலக வாசலில் மைக்கை நீட்டிக்கொண்டு ஒரு நிருபர் நிற்பார். உள்ளே என்ன பேசுகிறார்கள் என்று அவருக்கும் தெரியாது. ஆனாலும் "இன்னும் சற்று நேரத்தில்" என்று மூன்று மணி நேரம் சொல்லுவார். கார் உள்ளே போவது செய்தி, கார் வெளியே வருவதும் செய்தி. சீரியலில் கதவைத் திறக்கும் காட்சியை மூன்று கோணத்தில் காட்டுவார்களே, அதே தொழில்நுட்பம்தான்.

படி 3: வேட்பாளரைத் தாளில் பாருங்கள்

வேட்புமனுவோடு ஒவ்வொரு வேட்பாளரும் படிவம் 26 என்கிற பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்ய வேண்டும். தேர்தல் ஆணையத்தின் தளத்தில் யார் வேண்டுமானாலும் இறக்கிப் படிக்கலாம். வழக்குகள், சொத்து, கடன், அரசுக்குக் கட்ட வேண்டிய பாக்கி, படிப்பு, வருமான வரிக் கணக்கில் காட்டிய வருமானம் என எல்லாம் இருக்கும். கணவன் அல்லது மனைவி பெயரில் இருப்பதும் இருக்கும். சேனல்கள் இதிலிருந்து 'இத்தனை கோடிச் சொத்து' என்ற ஒரு வரியை மட்டும் எடுத்துக் கிராஃபிக்ஸ் போடும். அதைத் தாண்டி வழக்குகள் பகுதியைப் பொறுமையாகப் படியுங்கள். போராட்டத்தில் கலந்துகொண்டதற்கான வழக்கும் வழக்குதான், நில மோசடி வழக்கும் வழக்குதான். எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றாகத் தெரியும்.

உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி, குற்ற வழக்கு நிலுவையில் உள்ள வேட்பாளர் அதைப் பத்திரிகையிலும் டிவியிலும் மூன்று முறை விளம்பரப்படுத்த வேண்டும். பத்திரிகையில் அது பொடி எழுத்தில் ஒரு மூலையில் கிடக்கும். தேடிப் படியுங்கள்.

படி 4: விவாத நிகழ்ச்சிக்கு ஒரு கணக்கு

ஒரு மணி நேர விவாதம். விளம்பரம் போக நாற்பத்தைந்து நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். நெறியாளர் பேசுவது பத்து நிமிடம். விருந்தினர் ஐந்து பேர். ஆளுக்கு ஏழு நிமிடம், அதிலும் பாதி அடுத்தவர் குறுக்கே பேசும் நேரம். மூன்றரை நிமிடத்தில் ஜிஎஸ்டியைப் பற்றி யாரும் உருப்படியாகப் பேச முடியாது, ஒரு ஆளைக் கோபப்படுத்த முடியும். கோபப்பட்ட அந்த முப்பது வினாடிதான் மறுநாள் காலை ஷார்ட்ஸில் 'தெறிக்கவிட்ட' என்ற தலைப்போடு உங்கள் ஃபோனுக்கு வரும்.

இதில் சேனலை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. ஒரு கேமரா குழுவைப் பட்டாசு ஆலைகளுக்கு நான்கு நாள் அனுப்புவதைவிட ஐந்து பேரைக் கூப்பிட்டு உட்காரவைப்பது மலிவு, நாமும் அதைத்தான் அதிகம் பார்க்கிறோம். விவாதம் பார்த்தே ஆக வேண்டும் என்றால் ஒன்று செய்யுங்கள்: 'அரசியல் விமர்சகர்', 'மூத்த பத்திரிகையாளர்' என்ற பட்டங்களை மறந்துவிட்டு, ஒரு வாரத்தில் அவர் எந்தக் கட்சியை ஒருமுறையாவது விமர்சித்தார் என்று எழுதிவையுங்கள். பட்டத்துக்குப் பின்னால் இருக்கும் கொடி தெரிந்துவிடும்.

படி 5: கருத்துக்கணிப்பைப் படிக்கும் முறை

மூன்று வகையைப் பிரித்துக்கொள்ளுங்கள். தேர்தலுக்கு முன் எடுப்பது கருத்துக்கணிப்பு. ஓட்டுப் போட்டுவிட்டு வெளியே வருபவரிடம் கேட்டு எடுப்பது எக்ஸிட் போல். வாக்குப்பதிவு முடிந்த பின் வீடு தேடிப் போய் நிதானமாகக் கேட்பது மூன்றாவது வகை. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 126ஏ பிரிவின்படி, கடைசிக் கட்ட வாக்குப்பதிவு முடிந்து அரை மணி நேரம் ஆகும்வரை எக்ஸிட் போலை வெளியிடக் கூடாது. சேனல்கள் அந்தத் தடையையே கவுன்ட்டவுன் ஆக்கிவிட்டன என்பது வேறு விஷயம்.

இனிப் படிப்பது. திரையில் 'இடங்கள்' வந்தால் உடனே 'வாக்கு சதவீதம் எவ்வளவு?' என்று தேடுங்கள். கணிப்பாளர்கள் மக்களிடம் கேட்பது ஓட்டை. இடம் என்பது அவர்கள் கணக்குப் போட்டு எடுப்பது. நம் தேர்தல் முறையில் அந்தக் கணக்கு எவ்வளவு வழுக்கும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே இரண்டு சாட்சி உண்டு. 2014 மக்களவைத் தேர்தலில் அதிமுக சுமார் 44 சதவீத வாக்கு வாங்கி 39-ல் 37 இடங்களைப் பிடித்தது. திமுக 23 சதவீதத்துக்கு மேல் வாங்கியும் ஒரு இடம்கூட இல்லை. 2016 சட்டமன்றத் தேர்தலில் இரண்டு அணிகளுக்கும் நடுவே வித்தியாசம் சுமார் ஒரு சதவீதம்தான், ஆனால் அதிமுகவுக்கு 134, திமுக அணிக்கு 98. அந்தத் தேர்தலில் பல எக்ஸிட் போல்கள் திமுக ஆட்சி என்றே சொல்லியிருந்தன. ஒரு சதவீதத்தை எந்தக் கணிப்பும் சரியாகப் பிடிக்காது. அதனால் 'இத்தனை முதல் இத்தனை வரை' என்று இடைவெளி கொடுத்தவரை நம்பலாம் என்று நினைக்காதீர்கள். அவரும் அதே கயிற்றின் மேல்தான் நடக்கிறார்.

2024-ஐ யாரும் மறந்திருக்க முடியாது. ஜூன் 1 மாலை ஆக்சிஸ் மை இந்தியா, பாஜக கூட்டணிக்கு 361 முதல் 401 என்றது. டுடேஸ் சாணக்யா 400-ஐ ஒட்டிச் சொன்னது. வந்தது 293, பாஜகவுக்குத் தனியாக 240. தமிழ்நாட்டில் அந்த அணிக்குப் பல கணிப்புகள் சில இடங்களைக் கொடுத்திருந்தன, கிடைத்தது பூஜ்யம். ஆக்சிஸின் பிரதீப் குப்தா எண்ணிக்கை நாளன்று நேரலையில் அழுதுவிட்டார். அந்த அழுகையும் ஒரு நிகழ்ச்சியாக ஓடியது. எனக்கு அவர் மேல் கொஞ்சம் இரக்கம்தான், அவரைத் தீர்க்கதரிசி ஆக்கியது அவர் மட்டும் அல்லவே.

இதை வெறும் பொழுதுபோக்கு என்று விட்டுவிட முடியாது. எக்ஸிட் போலுக்கு மறு வேலைநாளான ஜூன் 3 அன்று சென்செக்ஸ் 2,500 புள்ளிக்கு மேல் ஏறியது. மறுநாள் 4,300 புள்ளிக்கு மேல் விழுந்தது. கணிப்பை நம்பித் திங்களன்று பங்கு வாங்கியவர்களை என் தெருவிலேயே எனக்குத் தெரியும்.

படி 6: கடைசி 48 மணி நேரம்

வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரம் பிரச்சாரம் கூடாது, டிவியிலும் தேர்தல் விஷயங்களைக் காட்டக் கூடாது என்கிறது அதே சட்டத்தின் 126-வது பிரிவு. ஒரே நாளில் நாடு முழுக்க ஓட்டுப் போட்டால் இது சரி. ஏழு கட்டமாக நடக்கும்போது ஓர் ஊருக்கு மௌனம், பக்கத்து மாநிலத்தில் பொதுக்கூட்டம், இரண்டுக்கும் ஒரே டிவி.

2024 மே 30 மாலை பிரதமர் கன்னியாகுமரி விவேகானந்தர் பாறைக்கு வந்து 45 மணி நேரத் தியானத்தில் உட்கார்ந்தார். ஜூன் 1 கடைசிக் கட்டம், அவருடைய வாரணாசியும் அதில் அடக்கம். அவர் ஓட்டுக் கேட்கவில்லை, வாயே திறக்கவில்லை. காவி உடை, ருத்ராட்சம், கடல், சூரிய உதயம் என்று படங்கள் வந்துகொண்டே இருந்தன. காங்கிரஸ் ஆணையத்திடம் முறையிட்டது. இது சட்டத்துக்குள் வருமா வராதா என்று வக்கீல்கள் வாதாடட்டும். நமக்கான படி எளிது: உங்கள் ஊரில் பிரச்சாரம் ஓய்ந்த மாலையிலிருந்து ஓட்டுப் போடும்வரை அரசியல் சேனலை அணைத்துவிட்டு, படி 1-ல் எழுதிய பக்கத்தையும் படி 3-ல் படித்த தாளையும் எடுத்து வையுங்கள். இதைவிடப் பெரிதாகச் செய்ய ஒன்றும் இல்லை.

படி 7: எண்ணிக்கை நாள்

இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறோம். அதனால் கொஞ்சம் விரிவாக.

காலை எட்டு மணிக்குத் தபால் வாக்கு. எட்டரைக்கு இயந்திரங்கள். ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதிக்கும் வழக்கமாக 14 மேஜை, ஆகவே ஒரு சுற்றில் 14 பூத். 280 பூத் இருந்தால் 20 சுற்று. சுற்று முடிந்ததும் அதிகாரி கையெழுத்துப் போட்டு அறிவிப்பார், அதற்குப் பிறகுதான் ஆணையத்தின் தளத்தில் ஏறும்.

அப்படியானால் எட்டேகாலுக்குத் திரையில் ஓடும் முன்னிலை எங்கிருந்து வருகிறது? சில வருடங்களுக்கு முன் ஒரு எண்ணிக்கை நாளுக்கு மட்டும் ஒரு சேனலில் நாள்கூலிக்கு டேட்டா ஏற்றும் வேலைக்குப் போயிருந்தேன். ஊர் ஊராக இருக்கும் ஸ்ட்ரிங்கர்கள், அதாவது பகுதிநேர நிருபர்கள், ஃபோனில் சொல்லுவார்கள், நாங்கள் ஏற்றுவோம். எண் சொல்லுகிறவர் பாதிப் பேர், "அவருதான்ணே முன்னாடி இருக்காரு" என்று மட்டும் சொல்லுகிறவர் பாதிப் பேர். ஒன்பது மணிக்குள் பின்னாலிருந்து ஒரு குரல்: "அடுத்த சேனல்ல நூறு தாண்டிருச்சு, நாம எழுபதுல நிக்கிறோம்!" அதன் பிறகு வேட்பாளரின் ஏஜெண்ட் வெளியே வந்து சொன்னதும் போதும் என்று ஆகிவிட்டது. பொய் எழுதினோம் என்று சொல்ல மாட்டேன். எண் வருமுன்பே அதற்கான கட்டத்தை நிரப்பினோம்.

சரி, பார்ப்பவர் என்ன செய்யலாம்? முதலில், பத்தரை மணிவரை எந்த முன்னிலையையும் நம்ப வேண்டாம். அடுத்து, பூத் எண்கள் ஊர் வரிசைப்படி போகும் என்பதை நினைவில் வையுங்கள். முதல் சுற்றில் 1 முதல் 14 வரையிலான பூத்கள் வரும், அதாவது தொகுதியின் ஒரு மூலை. அந்த மூலை ஒருவருக்குச் செல்வாக்கான பகுதியாக இருந்தால் அவர் காலையில் முந்துவார், மதியம் பின்தங்குவார். அலையும் இல்லை, திருப்பமும் இல்லை, புவியியல்தான். 2024-ல் தருமபுரியில் தொடக்கச் சுற்றுகளில் பாமகவின் சௌமியா அன்புமணி முன்னால் போனார், கடைசியில் திமுகவின் மணி 21,300 வாக்கில் ஜெயித்தார்.

மூன்றாவதாக ஒரு மனக்கணக்கு. 2 லட்சம் ஓட்டு, 20 சுற்று என்றால் சுற்றுக்கு 10,000. நான்கு சுற்று முடிந்து ஒருவர் 3,000 முன்னால் என்றால் இன்னும் 1,60,000 ஓட்டு பாக்கி. அது ஒன்றுமே இல்லை. பதினெட்டுச் சுற்று முடிந்து 15,000 முன்னால் என்றால், மீதி 20,000-ல் எதிராளி 17,500-க்கு மேல் வாங்கியாக வேண்டும். கடை மூடிவிட்டது என்று அர்த்தம். திரையில் இரண்டுக்கும் அதே 'முன்னிலை', அதே அம்புக்குறி, அதே பின்னணி இசை.

சட்டமன்றத் தேர்தலில் ஆணையத்தின் தளமே எத்தனையாவது சுற்று என்று காட்டும். மக்களவைத் தேர்தலில் எல்லா வேட்பாளர் ஓட்டையும் கூட்டி, பதிவான மொத்தத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். விருதுநகரில் பதிவானது சுமார் பத்தரை லட்சம். அன்று முற்பகலில் பல சுற்றுகள் விஜயபிரபாகரன் முன்னால், பிறகு தாகூர், மறுபடி மாற்றம் என்று நாள் முழுக்க இழுத்தது. இறுதியில் தாகூர் 4,379 வாக்கில் ஜெயித்தார். அரை சதவீதம்கூட இல்லை. இப்படிப்பட்ட தொகுதியில் நாள் முழுக்க 'முந்தினார், பின்தங்கினார்' என்பதற்கு ஒரு அர்த்தமும் கிடையாது, இருவரும் சமம் என்பதுதான் செய்தி. மதியத்துக்கு மேல் டீக்கடை டிவி டெல்லிக்குப் போய்விட்டது, யார் ஆட்சி என்ற கதைக்கு. எங்கள் தொகுதி என்ன ஆனது என்று நாங்கள் ஒரு ஃபோனைச் சுற்றி நின்று ஆணையத்தின் தளத்தில்தான் பார்த்தோம்.

எண்ணிக்கை முடிந்தும் அறிவிக்கத் தாமதமானால் உடனே சதி என்று நினைக்க வேண்டாம். ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதியிலும் குலுக்கலில் தேர்ந்தெடுத்த ஐந்து பூத்களின் விவிபேட் சீட்டுகளையும், அதாவது யாருக்கு ஓட்டுப் போட்டோம் என்று இயந்திரம் அச்சடித்துக் காட்டும் சீட்டுகளையும், எண்ண வேண்டும். உண்மையான சந்தேகம் இருந்தால் அதற்கு நீதிமன்றம் உண்டு. 2016-ல் ராதாபுரத்தில் 49 ஓட்டு வித்தியாசத்துக்குத் தபால் வாக்குகளை வைத்து வருடக்கணக்கில் வழக்கு நடந்தது.

படி 8: சேனல்கள் போன பிறகு

மறுநாள் ஸ்டுடியோவில் பதவியேற்பு, மந்திரி சபை, யாருக்கு என்ன இலாகா. நீங்கள் படிவம் 20-ஐத் தேடுங்கள். பூத் வாரியாக யாருக்கு எத்தனை ஓட்டு என்ற முழுப் பட்டியல் அது, மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியின் தளத்தில் சில வாரங்களில் வரும். பிறகு உங்கள் எம்பி மக்களவையில் என்ன கேள்வி கேட்டார் என்று நாடாளுமன்றத் தளத்தில் பார்க்கலாம். தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 5 கோடி, அது எந்த வேலைக்குப் போனது என்பதும் தேடினால் கிடைக்கும். படி 1-ல் எழுதிய மூன்று விஷயமும் அந்தக் கேள்விகளில் எங்காவது வருகிறதா என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பது என் வழக்கம்.

படிவம் 20 வந்ததும் எங்கள் பகுதிப் பக்கங்களை மட்டும் பிரிண்ட் எடுத்து டீக்கடைக்குக் கொண்டுபோனேன், அந்தப் பெரியவருக்குக் காட்டலாம் என்று. வாங்கியவர் எய்ம்ஸைப் பற்றியோ தண்ணீரைப் பற்றியோ ஒன்றும் கேட்கவில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு தன் பூத் வரியில் விரலை வைத்தார். "நம்ம தெருவுல இவங்களுக்கு இத்தனை பேரு போட்டிருக்கானா? யாருடா அது?" என்று ஒவ்வொரு வீடாக எண்ண ஆரம்பித்தார்.